கதவைப் பார்த்துக் கழுவிய கோப்பைகள்

பியாகா: மெதுவா வெட்டுடா ருவாதா! துவாங்கா பெரியவருக்குக் கல்லறைதான் வெட்டச் சொன்னாங்க. பர்மாவுக்குச் சுரங்கம் இல்ல.

ருவாதா: பேசாதே. நான் கோவத்துல இருக்கேன்.

பியாகா: யார் மேல?

ருவாதா: என் வாய் மேல.

பியாகா: ஓ... நேத்து இளைஞர் சங்கக் கூட்டத்துல, "எனக்குத் தலைவர் பதவி வேணாம்"னு சொல்லிச்சே, அந்த வாயா?

ருவாதா: வேணாம்னு சொல்றது நம்ம வழக்கம்டா! கேட்ட உடனே "சரி, நான் இருக்கேன்"னு எவனாவது இந்த மலையில சொல்லியிருக்கானா?

பியாகா: சொன்னா அவன் கதை அன்னைக்கே முடிஞ்சுது.

ருவாதா: அதான். ஒரு தடவை மறுக்கணும். அவங்க கெஞ்சணும். மறுபடி மறுக்கணும். மறுபடி கெஞ்சணும். அப்புறம் தலையைக் குனிஞ்சுக்கிட்டு "உங்க விருப்பம்..."னு இழுக்கணும். கண்ணாடி முன்னால நின்னு அந்த இழுப்பைப் பழகி வேற வெச்சிருந்தேன்.

பியாகா: எங்கே, இழு பார்ப்போம்.

ருவாதா: உங்க விருப்பம்ம்ம்...

பியாகா: நல்லாத்தான் இருக்கு. பாவம், ஊருக்குத்தான் கேக்கக் கொடுத்து வெக்கல.

ருவாதா: கத்தாதே! மேலே மண்ணைத் தள்ளிக்கிட்டிருக்காங்க.

பியாகா: காப்பா பெரியப்பாடா. நாம குழிக்குள்ள இறங்கும்போது அவர்தானே மண்வெட்டியோட நின்னார்? கோயில் மணியைக் காதுகிட்ட அடிச்சாலும் திரும்ப மாட்டார். மத்தவங்கல்லாம் அந்தப் பக்கம் டீ போடறாங்க. நீ தாராளமா அழு.

ருவாதா: மறுத்ததுகூடப் பரவாயில்ல. மறுக்கறவன் தன்னைவிட நல்லவன் ஒருத்தன் பேரைச் சொல்லணும் இல்லையா... அங்கதான் மாட்டினேன்.

பியாகா: "சுங்கா அண்ணன் இருக்கும்போது நான் எப்படி"ன்னே. எனக்கே புல்லரிச்சுது.

ருவாதா: முதல்ல உன் பேரைத்தான் சொல்லலாம்னு இருந்தேன்.

பியாகா: அப்புறம்?

ருவாதா: தப்பித்தவறி உன்னை எடுத்துட்டாங்கன்னா?

பியாகா: அடப்பாவி!

ருவாதா: அதனால, யாருமே எடுக்காத மாதிரி ஒரு பேராத் தேடினேன். சுங்கா அண்ணனுக்குக் கூட்டம்னா நாக்கு ஒட்டிக்கும். ஜெபம் பண்ணச் சொன்னா "ஆண்டவரே"ன்னு ஆரம்பிச்சு நேரா "ஆமென்"னுக்குப் போயிடுவார். அவர் பேரைச் சொன்னா கொஞ்சம் சிரிப்பாங்க, சிரிச்சு முடிச்சுட்டு என்கிட்டயே வருவாங்கன்னு கணக்குப் போட்டேன்.

பியாகா: ஒருத்தரும் சிரிக்கலையே.

ருவாதா: சிரிக்கல... மண்டபமே திரும்பி அவரைத் தேடிச்சு. ஆளைக் காணோம்.

பியாகா: பின்கட்டுல டீக் கோப்பை கழுவிக்கிட்டிருந்தார். போய்க் கையைப் பிடிச்சு இழுத்துக்கிட்டு வந்தாங்க. கையெல்லாம் சோப்பு நுரை.

ருவாதா: கோப்பை நானும்தான்டா கழுவினேன்! மழைக்காலம் பூரா, ஒரு கூட்டம் விடாம!

பியாகா: நீ கதவைப் பார்த்து நின்னு கழுவினே.

ருவாதா: அதுக்கென்ன?

பியாகா: அவர் சுவரைப் பார்த்து நின்னு கழுவுவார். இத்தனை வருஷமா யார் கழுவறாங்கன்னே எனக்கு நேத்துதான் தெரியும்.

ருவாதா: வெளிச்சம் கதவுப் பக்கம்தான் வருது.

பியாகா: ஆமாமா. வெளிச்சம்.

ருவாதா: சரி, ஒத்துக்கறேன். வெளிச்சம் இல்ல. நான் போற மாலை வகுப்புல "தலைமைப் பண்புகள்"னு ஒரு பாடம். படிச்சுப் பார்த்தேன். எல்லாமே எங்கிட்ட இருந்துச்சு. எனக்கே ஆச்சரியம்.

பியாகா: அதுல சுவர் வரலையா?

ருவாதா: வரல. பரீட்சைக்கும் வராது.

பியாகா: மண் சரிஞ்சு ரோடு அடைச்ச அன்னைக்கு எங்க அம்மாவைத் தூக்குப்படுக்கையில வெச்சு ஜீப் வரைக்கும் இறக்கினோமே... அம்மா இன்னமும் கேக்கறா. "இறக்கத்துல முன்பக்கம் பிடிச்சவன் யாருடா, ஒரு குலுக்கல் இல்லையே"ன்னு.

ருவாதா: அது சுங்கா அண்ணன். ஆனா நான்தான்னு சொல்லியிருக்கலாம்ல?

பியாகா: சொன்னேன். "அவனா? அவன் வழியெல்லாம் பாட்டுப் பாடிக்கிட்டு வந்தவனாச்சே"ன்னா.

ருவாதா: அவங்களுக்குத் தைரியம் வரட்டும்னு பாடினேன்.

பியாகா: கடைத்தெரு கிட்ட வந்ததும் தைரியம் ரொம்ப சத்தமா வந்துச்சு.

ருவாதா: கடப்பாரையைக் கொடு. உன்னையும் சேர்த்துப் புதைச்சுடறேன்... எங்க அம்மா கூத்து தெரியுமா? நான் எப்படியும் தலைவர்தான்னு கடுகுக்கீரை போட்டுப் பன்றிக்கறி அடுப்புல ஏத்திட்டா. வாசனைக்கு அக்கம்பக்கத்துக்காரங்க வந்து, "என்ன விசேஷம்?"னு கேக்கறாங்க.

பியாகா: என்ன சொன்னே?

ருவாதா: "சுங்கா அண்ணன் தலைவரான சந்தோஷம்"னு சொன்னேன்.

பியாகா: ஐயோ!

ருவாதா: அதைக் கேட்டுட்டு அம்மா ஒரு கிண்ணம் கறியை அவர் வீட்டுக்கே அனுப்பிட்டா. நல்ல துண்டாப் பார்த்து.

பியாகா: அழாதே. இன்னும் ஒண்ணும் கெட்டுப் போகல. அவர் பதவி வேணாம்னு சொல்லிக்கிட்டிருக்காராம். மதியம் அடக்கம் முடிஞ்சதும் பெரியவங்ககிட்டச் சொல்லப் போறாராம்.

ருவாதா: வழக்கத்துக்குச் சொல்றாரா, நிஜமாவா?

பியாகா: நிஜமாவே. கூட்டத்துல பேச வராது, என்னால ஊருக்குத் தலைகுனிவுன்னு அவர் தங்கச்சிகிட்டச் சொன்னாராம். அவர் விலகினா அடுத்தது நீதான்... என்னடா, வெட்டறதை நிறுத்திட்டே?

ருவாதா: ஒண்ணுமில்ல. கை வலிச்சுது.

பியாகா: கை வலிச்சா முகம் ஏன் இப்படிப் பளபளக்குது?

சுங்கா: தம்பிங்களா... டீ ஆறுது. ஏறி வாங்க. நான் இறங்கறேன்.

பியாகா: சுங்கா அண்ணே! நீங்க... இப்பதான் வந்தீங்களா?

சுங்கா: ம்... ருவாதா, உன்கிட்ட ஒண்ணு கேக்கணும்.

ருவாதா: கேளுங்கண்ணே.

சுங்கா: எந்தக் கூட்டத்துலயும் என் பேரை யாரும் சொன்னதில்ல. நேத்து நீ சொன்னே. மனசாரத்தான் சொன்னியா?

பியாகா: மனசாரத்தான் அண்ணே! என்கிட்ட முன்னாடியே...

சுங்கா: அவன் சொல்லட்டும். ருவாதா, இல்லன்னா இல்லன்னு சொல்லு. நான் விலகிக்கறேன். உன்னைத்தான் கூப்பிடுவாங்க.

ருவாதா: என்னண்ணே இப்படி மாட்டி விடறீங்க... ஆமான்னா பொய். இல்லன்னா பதவிக்காகச் சொன்ன மாதிரி ஆயிடும்.

பியாகா: ஆமான்னு சொல்லிட்டு ஏறுடா. டீ ஆறுதுல்ல?

ருவாதா: இல்லண்ணே. மனசாரச் சொல்லல. உங்களை யாரும் எடுக்க மாட்டாங்க, திரும்ப என்கிட்டயே வருவாங்கன்னுதான் சொன்னேன்.

பியாகா: போச்சு.

ருவாதா: ஆனா விலகாதீங்கண்ணே. நான் தப்பா நினைச்சுச் சொன்னேன், ஊர் சரியா எடுத்துக்கிச்சு. அந்த இடத்துல என்னை உட்கார வெச்சா, என்னை யார் பார்க்கறாங்கன்னு பார்க்கவே எனக்கு நேரம் சரியாப் போயிடும்.

சுங்கா: அப்பாடா.

ருவாதா: என்ன அப்பாடா?

சுங்கா: மதியம் துவாங்கா பெரியவர் அடக்கத்துல, சங்கம் சார்பா நாலு வார்த்தை பேசணும். எனக்கு வாய் வராது. நான் சொல்லிக் கொடுக்கறதைக் கூட்டாம குறைக்காம சொல்ற ஆள் ஒருத்தன் வேணும். இன்னைக்கு மட்டும் இல்ல, எல்லாக் கூட்டத்துக்கும். அப்படி ஒருத்தன் கிடைச்சா தலைவரா இருக்கலாம், இல்லன்னா வேணாம்னு இருந்தேன்... நீ பேசறியா?

ருவாதா: நானா? எனக்கு என்ன தகுதிண்ணே... பியாகா இருக்கும்போது நான் எப்படி...

பியாகா: டேய்! மறுபடியுமா!

ருவாதா: ஐயோ! இல்லண்ணே, பேசறேன்! பேசறேன்! ஒத்துக்கிட்டேன்!

பியாகா: இழுக்காமலே சொல்லிட்டான்.

ருவாதா: கையைக் கொடுங்கண்ணே, ஏறிக்கறேன்... ஆமா, மேலே காப்பா பெரியப்பாவைக் காணோமே? இவ்வளவு நேரம் மண் தள்ளிக்கிட்டிருந்தாரே?

சுங்கா: இடுப்பு வலின்னார். நீங்க இறங்கின உடனே நிழல்ல உட்கார வெச்சுட்டேன். அப்போலேருந்து நான்தான் தள்ளிக்கிட்டிருக்கேன்... போ, டீயைக் குடி. குடிச்சுட்டு எல்லார் கோப்பையையும் கழுவி வை. இங்க சுவரும் இல்ல, கதவும் இல்ல. எந்தப் பக்கம் வேணும்னாலும் பார்த்துக் கழுவு.