2C வாசலில் இருந்த பூட்ஸ்

என் பெயர் லொரைன் ஸ்டக்கி, வயது 63. ஓஹையோ மாநிலம் ஹார்லன் ஃபால்ஸ் நகரில், பழைய பியானோ ஆலைக் குடியிருப்பின் 2D எண் வீட்டில் தனியாக வசிக்கிறேன். கடந்த பிப்ரவரி 6ஆம் தேதி எங்கள் குடியிருப்போர் குழு கூடி, இரண்டரை மணி நேர விவாதத்துக்குப் பின், எல்லா வாசல்களிலும் கால் துடைக்கும் மிதியடி பழுப்பு நிறத்தில்தான் இருக்க வேண்டும் என்று ஏழுக்கு நான்கு வாக்குகளில் முடிவு செய்தது. அதைக் கண்காணிக்கும் பொறுப்பு என்னிடம் ஒப்படைக்கப்பட்டது.

அதன் பிறகு நான் தினமும் மூன்று மாடிகளையும் பார்வையிட்டேன். 2C வீட்டில் இருப்பவர் வெர்னா க்ரோலி. முதியோர் இல்லத்தில் இரவுப் பணி. தனியாள் என்று பதிவு. அவருடைய மிதியடி பழுப்பு நிறம்தான். ஆனால் அதன் மேல் பன்னிரண்டாம் எண் அளவில் பெரிய ஆண் பூட்ஸ் ஒரு ஜோடி இருந்தது. மூன்று வாரம் பார்த்தேன். அதில் ஒட்டியிருந்த சேறு மாறவே இல்லை. ஆகவே, உள்ளே ஓர் ஆண் இருக்கிறார், வெளியே போகாத ஆள் என்று முடிவு செய்தேன்.

எங்கள் கட்டடம் வரிச் சலுகையில் கட்டப்பட்டது. முதலீடு செய்தவர்களுக்கு அரசு வரியைக் குறைக்கும். பதிலுக்கு, வருமானம் குறைந்தவர்களுக்கே வீடு தர வேண்டும். எத்தனை பேர் இருக்கிறார்கள், எவ்வளவு சம்பாதிக்கிறார்கள் என்பது காகிதத்தில் உள்ளபடியே இருக்க வேண்டும். ஏப்ரலில் மாநில ஆய்வு வருவதால், மேலாளர் கர்ட்டிஸ் ஹெம்ப்ரீயிடம் தெரிவித்தேன்.

"ஆளைப் பாத்தீங்களா மேடம்?" என்றார்.

"பூட்ஸைப் பாத்தேன்."

"பூட்ஸ் தனியாவா குடிவரும்?" என்று சொல்லி நோட்டீஸ் அடித்தார்.

அதன் பிறகு வெர்னா நோட்டீஸுடன் என் வீட்டுக்கு வந்தார். பத்து நாளில் வேறு யாரும் இல்லை என்று நிரூபிக்காவிட்டால் வீட்டைக் காலி செய்ய வேண்டும் என்று அதில் இருந்தது. இல்லாத அந்த நபர், தான் அங்கே வசிக்கவில்லை என்று கையெழுத்திடவும் ஓர் இடம் விடப்பட்டிருந்தது.

"அடியே லொரைன், அது பழைய சாமான் கடையில வாங்கினதுடி. தனியா இருக்கிற பொம்பளை, பகல்ல தூங்குறவ. உள்ள ஒரு ஆம்பளை இருக்கான்னு திருடன் நம்பட்டும்னு வெச்சேன். அவன் நம்பினானோ இல்லையோ, நீ நம்பிட்ட!" என்றார்.

அப்படித்தான் எல்லோரும் சொல்வார்கள் என்று பதில் சொன்னேன்.

பூட்ஸை அகற்றினால் போதும் என்று மேலாளர் கூறியதால், மார்ச் 9ஆம் தேதி வெர்னா அதைக் குப்பை அறையில் போட்டார். ஆதாரமாக இருக்கட்டும் என்று நான் எடுத்து வைத்துக்கொண்டேன்.

மார்ச் 12ஆம் தேதி முற்பகல் 2Cயின் கதவு பலமாக இடிக்கப்படும் சத்தம் கேட்டது. அந்த ஆள் திரும்பி வந்துவிட்டார் என்று கருதி, நேரத்தை நோட்டில் எழுதினேன்: 11.05. அதன் பிறகு வெர்னா சுவரைத் தட்டினார். அதையும் எழுதினேன். 11.40க்குக் கதவு பிளந்து கிடந்ததைப் பார்த்து காவல்துறையை அழைத்தேன். தொலைக்காட்சியும் மருந்துப் பெட்டியும் போயிருந்தன. வெர்னாவின் வலது மணிக்கட்டு முறிந்திருந்தது. தற்போது டொலீடோவில் தங்கை வீட்டில் இருக்கிறார். திரும்பி வருவதாக இல்லை. வீட்டினுள் ஆண் எவரும் வசித்த அடையாளம் இல்லை என்று வந்து பார்த்த தங்கள் காவல் அதிகாரி கூறினார்.

காவல் நிலையத்தில் இந்த வாக்குமூலத்தை எழுதி எனக்குப் படித்துக் காட்டினார்கள். நான் சொன்னபடியே இருக்கிறது, அனைத்தும் உண்மை.

(ஒப்பம்) லொரைன் ஸ்டக்கி, மார்ச் 18

ஒப்பமிட்ட பின் சேர்த்துச் சொன்னது: மார்ச் 13 முதல் அந்தப் பூட்ஸை என் வாசலில் வைத்திருக்கிறேன். என்னுடன் வசிக்கும் ஆணின் பெயரும் வருமானமும் கேட்டு இன்று காலை என் கதவில் நோட்டீஸ் ஒட்டப்பட்டிருந்தது.