கை வைத்த மேசை

சிவாஜிநகரில் பஸ் கிளம்பியதும் எனக்கு முன் சீட்டில் இருந்த பெண், பக்கத்தில் இருந்த மூத்தவளிடம், "என் தம்பிக்குக் காது கேக்குதாம்க்கா," என்றாள். குரலில் சந்தோஷமே இல்லை.

"யாரு சொன்னா?"

"ஊனமுற்றோர் கார்டு வாங்கப் போனோமே, அந்த ஆபீஸ்ல. ஆபீசர் தம்பிக்குப் பின்னாடி வந்து டேபிள ஓங்கித் தட்டினான். தம்பி திரும்பிட்டான். 'டிராமா மாடுத்தானே'ன்னான், நடிக்கிறானாம். 'கார்டு கெடையாது'ன்னுட்டான்."

"பொறந்ததுல இருந்தே கேக்காதே அவனுக்கு. எப்படித் திரும்பினான்?"

"டேபிள் மேல கை வெச்சிருந்தான்க்கா. அதிராதா? வீட்ல மிக்ஸி ஓடுதான்னுகூட மேடையில கை வெச்சுத்தான் பாப்பான்."

"அத நீ சொல்ல வேண்டியதுதானே?"

"சொன்னேன். 'நீ பேசாத, அவனே சொல்லட்டும்'னான். தம்பியும் ஒண்ணு விடாம கையாலயே சொன்னான். அங்க ஒருத்தனுக்கும் சைகை தெரியல."

மூத்தவள் இறங்க வேண்டிய தொம்மலூர் வந்துவிட்டது. எழுந்தவள் கம்பியைப் பிடித்தபடி நின்றாள்.

"காது கேக்காதவங்களுக்குன்னே தொறந்து வெச்ச ஆபீஸ்லயா?"

"அங்கதான்க்கா. வாசல் போர்டுல அவ்ளோ பெரிய காது வரைஞ்சு வெச்சிருக்கான்."