ரயில் நிறுத்தப்பட்டால்

சிட்னியிலிருந்து மெல்போர்ன் போகும் பகல் ரயிலில், எனக்கு முன்னிருக்கையில் அறுபது தாண்டிய இரண்டு தோழிகள் இருந்தார்கள். இந்த ரயில் தொடர்ந்து ஓடுமா என்பது இன்னும் முடிவாகவில்லை என்று ஒருவர் போனில் செய்தி பார்த்துச் சொன்னார். ஜன்னலோரம் இருந்தவர் நிதானமாகப் பதில் சொன்னார்.

“நிப்பாட்டினால் நான் கலியாணம் கட்டவேண்டி வரும்.”

“ஆரை?”

“மெல்போர்னிலை, ஸ்பிரிங்வேலிலை ஒருத்தர் இருக்கிறார். அவரும் என்னைப்போல தனியத்தான். காது ஒப்பரேசனுக்குப் பிறகு எனக்குப் பிளேன் ஏலாது. அவருக்குக் கார் ஓடக் கண் காணாது. நாலு வருசமா மாசத்துக்கு ஒருக்கா இதிலைதான் போய் வாறன்.”

“மகனுக்குத் தெரியுமே?”

“கோயிலுக்குப் போறன் எண்டு நினைச்சுக்கொண்டிருக்கிறான்.”

“அவர் கேட்டவரோ?”

“ஓம், மூண்டு தரம். ரெயின் இருக்குத்தானே எண்டு சொல்லிப்போட்டன்.”

“ரெயின் ஓடினால்?”

“அதுதான் கரைச்சல். நிண்டால் மகனுக்குச் சொல்ல ஒரு காரணம் இருக்கும். ஓடினால், எனக்கு விருப்பம் எண்டுதான் சொல்லவேணும்.”

நான் வாசிக்காத புத்தகத்தில் ஒரு பக்கம் புரட்டினேன். மாநில எல்லையான அல்பரியில் ரயில் நின்று புறப்பட்டது. ஜன்னலோரத்துப் பெண் கைப்பையிலிருந்து போனை எடுத்தார்.

“தம்பி, அம்மா கதைக்கிறன். இல்லை, ரெயினுக்கு ஒண்டுமில்லை, நல்லாத்தான் ஓடுது. உனக்கு ஒரு விசயம் சொல்லவேணும்.”