கிராணியின் பெரட்டு

“முதுகைக் காட்டித்தான்க்கா உங்க தம்பியைக் கண்டுபிடிச்சோம்.”

பீடோருக்குப் போகும் பஸ்ஸில் எனக்கு முன்னிருக்கையில் ஒரு தோட்டத் தொழிலாளி சொன்னார். தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணியான தம்பி கிடைத்துவிட்டான் என்று தெரிந்த பிறகும், பக்கத்திலிருந்த அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

“எப்படி லா?”

“கிராணி எல்லைக்கல்லு பார்க்கப் போயி காட்டுல வழி தப்பிட்டாரு. கையில வாக்கி டாக்கி இருந்துச்சு. நடக்காதீங்க, பேசிக்கிட்டே இருங்கன்னோம்.”

“என்ன பேசுனான்?”

“காலைப் பெரட்டுல ஆளு கணக்கெடுக்க எங்க பேரெல்லாம் வாசிப்பாருல்ல, அதையே வாசிச்சாரு. நான் தண்ணித் தொட்டி மேல ஏறி, என் வாக்கி டாக்கியை நெஞ்சோட அணைச்சுக்கிட்டு மெதுவா சுத்துனேன். ஒரு பக்கம் திரும்புனா உடம்பு மறைச்சு குரலு மங்கிடும். அப்ப அவரு என் முதுகுக்கு நேர் பின்னால இருக்காருன்னு அர்த்தம். பேக்டரி கூரையிலேர்ந்து இன்னொருத்தனும் அப்படியே பார்த்தான். தோட்டத்து வரைபடத்துல ரெண்டு கோடு போட்டு, அது வெட்டுன இடத்துக்குப் போனோம்.”

“இருந்தானா?”

“பொதருக்குள்ள பேரு வாசிக்கிற சத்தம் கேட்டுச்சு. இத்தனை வருசத்துல மொத தடவையா நாங்க அவரைப் பேரு சொல்லிக் கூப்பிட்டோம்.”

“அவன் என்ன சொன்னான்?”

“பெரட்டுல எங்களை மாதிரியே கையைத் தூக்கி, ‘இருக்கேங்கய்யா’ன்னாரு, அக்கா.”