அப்ளிகே சொல்லத் தெரியாதவள் திறந்து வைக்கும் பலகை

அன்றைக்கு அந்த அறையில் இருந்தவர்களை முதலில் வணங்கிவிடுகிறேன். ஒருவரும் விடுபட மாட்டார்கள். மறக்கிற பழக்கம் எனக்கு இல்லை. நடுநாயகமாக வீற்றிருக்கும், பஞ்சு வைத்துப் போர்வை தைக்கும் நம் குவில்ட் சங்கத்தின் தலைவர், தையற்கடைத் தம்பி அவர்களே! வார்த்தைக்கு வார்த்தை வாத்தியாராகி வாழும் திருத்தம்மா அவர்களே! ஊசியில் நூல் கோத்தபடியே உறங்கிப்போன பல் டாக்டர் அம்மா அவர்களே! பேருந்து ஓட்டிவிட்டுச் சீருடையோடு ஓடிவந்த டிரைவர் பெண்ணே! மாமியார் தோற்பதைப் பார்க்க லீவு போட்டு வந்த என் மருமகளே! பெரியோர்களே, தாய்மார்களே, அன்றைக்கு வராமல் இன்றைக்கு டீக்காக வந்திருப்பவர்களே! அனைவருக்கும் வணக்கம்.

இன்று நம் வகுப்பறைச் சுவரில் ஒரு பலகையைத் திறக்கச் சொல்லியிருக்கிறீர்கள். வாயில் நுழையாத குவில்ட் வார்த்தைகளை எப்படிச் சொல்வது என்று எழுதிய பலகை. எழுதியவள் யார்? ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துடன் பேச்சுவார்த்தையை முறித்துக்கொண்டவள்! காலம் எப்படிக் கெட்டுக் கிடக்கிறது பாருங்கள்!

போன வருஷத்துக்கு முந்தின வருஷம், ஒரு வியாழக்கிழமை, காலை பத்தே கால். பழைய டீச்சர் மகள் வீட்டோடு போய்விட்டார். அந்த இடம் எனக்கா, திருத்தம்மாவுக்கா? ஆளுக்கு ஒரு மணி நேரம் வகுப்பெடுக்க வேண்டும். கமிட்டி பார்த்து முடிவு செய்யும். எனக்கு ஆசை இருந்ததா? ஆசையா! இருபத்திரண்டு வருஷம் பின்வரிசையில் உட்கார்ந்து, அடுத்தவர் தப்பாகச் சொல்லித் தருவதையெல்லாம் பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டவள் நான். ஒரு நாளாவது முன்னால் நின்று நானே சொல்ல வேண்டும் என்று ஏங்கிக் கிடந்தவள்.

நின்றேன். மேல்துணி, நடுவில் பஞ்சு, அடித்துணி, மூன்றையும் மேசையில் விரித்தேன்.

"பாருங்கம்மா, மூணும் நகராம இருக்க முதல்ல பெரிய பெரிய தையலாப் போட்டுப் பிடிக்கணும். எங்கேர்ந்து? நடுவுலேர்ந்து! ஓரத்துக்குத் தடவிக்கிட்டே போனாத்தான் சுருக்கம் வெளியே ஓடும். அப்புறம் அப்ளிக்யூ..."

"அப்ளிகே," என்றார் திருத்தம்மா.

"அதான், துணியைப் பூவா வெட்டி மேல வெச்சுத் தைக்கிறது. இந்தப் பூ, படம் அச்சடிச்ச டாய்ல் துணியில..."

"ட்வால்."

"சரிங்க. ஓரத்துல பஞ்சு திணிச்சுப் புடைப்பா வர்ற பூட்டிஸ்..."

"பூட்டி. பிரெஞ்சு வார்த்தை, கடைசி எழுத்தைச் சொல்லக் கூடாது."

"சொல்லக் கூடாதுன்னா எதுக்குங்க எழுதி வெச்சாங்க?"

சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு என் கேள்விக்கு. பதினான்காவது திருத்தத்துக்கு எழுந்த சிரிப்பு எனக்கு. யார் எத்தனை பல் தெரியச் சிரித்தார்கள் என்பதுகூட நினைவிருக்கிறது. ஊசி குத்தினால் விரலைச் சப்பலாம். சொல் குத்தினால் எதைச் சப்புவது? மீதி அரை மணி நேரம் வாயைத் தைத்துக்கொண்டு கையால் மட்டும் காட்டினேன்.

அடுத்த ஒரு மணி நேரம் திருத்தம்மா எடுத்தார். இடம் அவருக்கே போனது.

அடடா, அந்த உச்சரிப்பு! அப்ளிகே என்றால் அறையே மணந்தது! ட்வால் என்றால் தேன் சொட்டியது! பன்னிரண்டு பேர் மூன்று மாதம் உட்கார்ந்து தைத்தார்கள். முடித்து விரித்தால், பன்னிரண்டு போர்வையிலும் நட்டநடுவில் ஒரு புடைப்பு! ஆமை படுத்திருப்பதுபோல! பூனை ஏதும் புகுந்துவிட்டதோ என்று பல் டாக்டர் அம்மா அடியில் கைவிட்டுத் துழாவினார். சிரிக்காதீர்கள் டாக்டரம்மா, நான் பார்த்தேன். ஏன் புடைத்தது? ஓரத்திலிருந்து நடுவுக்குத் தைக்கச் சொல்லியிருக்கிறார் மகராசி! நாலு பக்கத்துச் சுருக்கமும் நடுவில் வந்து மாநாடு போட்டுவிட்டது!

பன்னிரண்டு பேரும் போர்வையைச் சுருட்டிக்கொண்டு என் சமையலறைக்கு வந்தார்கள். டிரைவர் பெண்ணைப் பிடித்துக்கொண்டேன்.

"ஏண்டி, நடுவுலேர்ந்துன்னு நான் சொன்னப்ப நீதானே பெருசாத் தலையாட்டினே?"

"ஆமா பாட்டி. ஆனா அவங்க வார்த்தையெல்லாம் அவ்ளோ சரியாச் சொன்னாங்களா, தையலும் சரியாத்தான் சொல்வாங்கன்னு நெனச்சுட்டேன்."

கேட்டீர்களா? இதைத்தான் இந்த மேடையில் சொல்ல வந்தேன். நாக்கு நெளிவாக ஓடினால் கையும் நேராக ஓடும் என்று யார் சொன்னது? நாக்கு தடுக்கினால் அறிவும் தடுக்கும் என்று எந்தப் புத்தகத்தில் எழுதியிருக்கிறது?

எல்லோரும் தையலைப் பிரித்துக்கொண்டிருக்கும்போது பின்கதவு தட்டும் சத்தம். திருத்தம்மா! கோட்டுக்குள் தன் போர்வையை ஒளித்துக்கொண்டு நிற்கிறார்.

"அக்கா, உள்ளே வரலாமா?"

"வா. செருப்பைக் கழட்டு. அந்தத் திருத்தத்தையும் கழட்டி வெளியே வெச்சுட்டு வா."

"நெஜமாவே தெரியாதுக்கா. ஓரத்தைப் பிடிச்சா நடு தானா அடங்கும்னு நெனச்சேன்."

"அடங்காது. மாமியார் மாதிரி அது. உக்காரு."

நான் அவருக்கு நடுவைக் கற்றுக்கொடுத்தேன். அவர் எனக்கு வார்த்தைகளைக் கற்றுக்கொடுத்தார். வெள்ளை நூலில் வரிசை வரிசையாகப் போடும் ஜப்பான் நாட்டுச் சஷிகோ தையலுக்கு நூல் கேட்டுக் கடைக்குப் போன் செய்தார். "சஷீக்கோ" என்று நீட்டினார். "நடு எழுத்தைப் பாதி முழுங்கணும்மா, சஷ்கோ மாதிரி," என்றார் கடைக்காரர். திருத்தம்மா முகம் போர்வை பார்டரைவிடச் சிவந்தது. அந்த நிமிஷமே அவரை மன்னித்துவிட்டேன். மனது நிறைந்துபோனால் மன்னிப்பு தானே வரும்!

ஆகவே தாய்மார்களே, வார்த்தையைத் தப்பாகச் சொன்னவள் யார்? சொல்லிக்கொடுக்க ஆளில்லாமல், கண்ணால் படித்து, கையால் செய்து, தானே கற்றவள்! அவளைப் பார்த்தா சிரிப்பது? அவளையா உட்காரச் சொல்வது? திருத்துங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. வகுப்பு முடிந்தபின், காதோடு திருத்துங்கள்! பலகையின் முதல் வரியே அதுதான். அப்ளிகே இரண்டாம் வரி. பூட்டியின் கடைசி எழுத்து விருந்துக்கு வந்த சம்பந்தி; இருக்கட்டும், வேலை வாங்காதீர்கள். இந்த வியாழன் முதல் வகுப்பும் எங்கள் இருவருடையது. அவர் வாய் திறப்பார், நானும் திறப்பேன். கை தட்டுங்கள், டீ ஆறாது.

தெரியாமல் தப்பாகச் சொல்லிக்கொடுத்தவரை மன்னித்தேன். சிரித்தவர்களை, மருமகள் உட்பட, மன்னித்தேன். ஆனால் அந்த வியாழக்கிழமை எங்கள் இருவர் வகுப்பும் முடிந்ததும் கமிட்டியில் ஒருவர் என்னை வாசல் பக்கம் ஒதுக்கிச் சொன்னார்: "அக்கா, நீங்க சொன்னதுதான் சரி. நடுவுலேர்ந்துதான் போடணும். அந்தம்மா காட்டினது தப்புன்னு எனக்கு அப்பவே தெரியும்."

"தெரிஞ்சா உள்ளே போய்ச் சொல்லுங்க தம்பி!"

"நமக்கெதுக்குக்கா வம்பு?"

சொல்லிவிட்டு உள்ளே போய்த் திருத்தம்மாவுக்குக் கை தூக்கினார். நாற்பது வருஷம் துணி தைத்த கை அது.

வந்திருந்து, பொறுமையாகக் கேட்டு, நடுவில் எழுந்து போகாத அத்தனை பேருக்கும் என் நன்றி, என் வணக்கம். இந்த அறையில் எல்லோரையும் மன்னித்தாகிவிட்டது. மன்னிக்காதது ஒரே ஒருவரைத்தான்: சங்கத் தலைவர், தையற்கடைத் தம்பி.