முப்பத்தொன்றாவது கடிதம்

எனக்குக் கோப்புகள் ஒழுங்காக இருக்க வேண்டும். ஒரு கோப்பின் முதுகில் ஒட்டிய சீட்டு கோணலாக இருந்தால் அன்றைக்குச் சாப்பாடு இறங்காது. விசாரணைக்கு வந்திருக்கும் நீங்கள் இதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள். கெட்ட எண்ணம் ஏதும் எனக்குக் கிடையாது.

நாங்கள் கதவுப் பூட்டு செய்கிறோம்; கம்பெனியில் கணக்கும் கோப்பும் என் பொறுப்பு. தாய்க் கம்பெனி வெளிநாட்டில். வருடா வருடம் அவர்கள் ‘நிர்வாக ஆலோசனை’ என்று பில் அனுப்புவார்கள்; நாங்கள் அதைச் செலவில் காட்டி வரியைக் குறைத்துக்கொள்வோம். பதினோரு வருடம் ஒருவரும் வாய் திறக்கவில்லை. இந்த வருடம் வந்த வரி அதிகாரி அம்மா கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே கேட்டார்.

"ஒரே குடும்பத்துக்குள்ள பணம் கைமாறுது. வேலை நடந்துச்சான்னு பார்க்கணும்ல? என்ன ஆலோசனை சொன்னாங்க, காட்டுங்க."

காட்ட என்ன இருக்கிறது? அங்கிருந்து வந்ததெல்லாம் பில்லும் ஒரு நாட்காட்டியும்தான்.

ஆகவே நானே எழுதினேன். பழைய தேதியிட்டு முப்பத்தேழு கடிதங்கள். கீழே ‘மூத்த ஆலோசகர்’ என்று இடது கையால் கையெழுத்து. வாசல் விளக்கை மாற்றவும், சாப்பாட்டு அறைக்குப் பச்சை அடிக்கவும் என்று சரளமாகத்தான் வந்தது. முப்பத்தொன்றில் கற்பனை வற்றிவிட்டது. ‘சரக்கறையில் ஒன்பது பேர் அதிகம், நீக்கவும்’ என்று எழுதிவைத்தேன்.

அதிகாரி அம்மா நகல்களை எடுத்துப்போய் ஒரு வாரம் படித்தார்.

"ஆலோசனை வந்தது சரி. சொன்னபடி செஞ்சீங்களா? செய்யலேன்னா அதனால உங்களுக்கு என்ன பலன்? திங்கட்கிழமை நேர்ல வந்து பார்க்கிறேன்."

நியாயமான கேள்வி. எனக்கு அவர்மேல் மரியாதையே வந்துவிட்டது.

விளக்கை மாற்றினேன். பச்சை அடித்தேன். பத்தொன்பதாவது கடிதப்படி மேலாளர் அறைக் கதவை மறுபக்கம் திறக்கவைத்தேன். அவர் இரண்டு நாள் மூக்கை இடித்துக்கொண்டார். பிறகு முப்பத்தொன்று. சரக்கறையில் இருந்ததே மொத்தம் ஒன்பது பேர்தான். அதில் ஒருவன் என் மனைவியின் தம்பி. அடுத்த மாதம் அவனுக்குக் கல்யாணம்.

அந்த ஒரு கடிதத்தை உருவிவிடலாமே என்பீர்கள். நகல் அம்மாவிடம் இருக்கிறதே! அதோடு முப்பதுக்குப் பிறகு முப்பத்திரண்டு வந்தால் அது என்ன கோப்பு?

மேலாளர் கடிதத்தைப் பார்த்தார். "மேலிடமே சொல்லிட்டாங்களா? அப்போ நாம யாரு மறுக்க?" என்று மூக்கைத் தடவிக்கொண்டே ஒன்பது உத்தரவிலும் கையெழுத்துப் போட்டார்.

மச்சினன் என் மேசைக்கு வந்தான். கண் சிவந்திருந்தது.

"அத்தான், இதை எழுதினவன் யாருன்னு மட்டும் சொல்லுங்க. நான் பேசிக்கிறேன்."

"வெளிநாட்டு ஆளுப்பா. நீ பேசினா அவருக்குப் புரியாது" என்றேன்.

திங்கட்கிழமை அம்மா காலிச் சரக்கறையைச் சுற்றிப் பார்த்து, பலன் கண்கூடாகத் தெரிகிறது என்று எழுதிக்கொடுத்தார். செலவு முழுவதும் ஏற்கப்பட்டது. கல்யாணம் நின்றுபோனது. வீட்டில் மனைவி எனக்குத் தட்டு வைப்பதோடு சரி, பேச்சு கிடையாது.

எழுதியது நான், ஒன்பது பேரை அனுப்பியதும் நான். ஒப்புக்கொள்கிறேன், எங்கே கையெழுத்துப் போட வேண்டும்? ஆனால் அந்த மூத்த ஆலோசகர்மேல் எனக்கும் கோபம் இருக்கிறது. ஒன்பது பேர் என்று முடிவு செய்வதற்கு முன் என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.