இடப்பக்கக் கதவு

கலந்தர்: ...பொய்யில்ல மச்சான், வல்லாஹி பொய்யில்ல. எங்கட லொறி பெக்டரியில ஒரு பக்கத்தால வெறும் இரும்புச் சட்டம் உள்ளுக்குப் போகும். மற்றப் பக்கத்தால முழு லொறி தானா ஓடி வெளிய வரும்.

அமிர்தலிங்கம்: தானா?

கலந்தர்: தானா எண்டா... ஒருத்தன் ஏறி ஓட்டிக்கிட்டு வருவான்.

அமிர்தலிங்கம்: அப்ப அதச் சொல்லு. மூணு வருசம் ஜித்தாவுல இருந்துட்டு வந்து, கல்முனை மெக்கானிக்கிட்ட புழுகாத.

கலந்தர்: புழுகா? அந்தக் கொட்டில் எவ்வளவு நீளம் தெரியுமா? உன்ட கராஜ் வாசல்ல ஒரு முனைய வச்சா, மற்ற முனை சாய்ந்தமருதுல நிக்கும்.

அமிர்தலிங்கம்: நடுவுல சந்தை இருக்கே, அத என்ன செய்யிற?

கலந்தர்: சந்தையத் தூக்கி உள்ளுக்கு வைக்கலாம். இடம் மிஞ்சும்.

அமிர்தலிங்கம்: சரி சரி, பிளேன்டியக் குடி, ஆறுது. அந்தப் படங்குத் துணியில சாயாத, உடுப்புல கிறீஸ் ஒட்டும். இஞ்சால வந்து இரு.

கலந்தர்: என்னடா மூடி வச்சிருக்காய், இவ்வளவு பெரிசா?

அமிர்தலிங்கம்: ஆரோ ஒருத்தன்ட வேலை. நீ குடி.

கலந்தர்: அமிர்தம்... ஒண்டு கேக்கணும்.

அமிர்தலிங்கம்: கேளு.

கலந்தர்: புயலுக்கு நசுங்கின என்ட லொறிய உன்னிட்டத்தானே விட்டுட்டுப் போனன். அது...

அமிர்தலிங்கம்: எந்தக் காலத்துக் கதை! மேல ரெண்டு தென்னை விழுந்து கிடந்தத நீயே பாத்தாய்தானே. பழைய இரும்புக்காரன் வந்தான்...

கலந்தர்: ஓ...

அமிர்தலிங்கம்: ஏன், வேணுமா?

கலந்தர்: சே, எனக்கென்னத்துக்கு? லீவு முடிஞ்சா நான் போறன்தானே. சும்மா கேட்டன்.

அமிர்தலிங்கம்: எப்ப லீவு முடியுது?

கலந்தர்: அது... முடியும். பாப்பம்.

அமிர்தலிங்கம்: ம்... சரி, நீ பெக்டரிக் கதையச் சொல்லு. முதலாவது என்ன?

கலந்தர்: முதலாவது கப்பல். துறைமுகத்துல பெட்டி பெட்டியா இறங்கும். ஒவ்வொரு பெட்டியும் ஒரு வீடு மாதிரி. உடைச்சா எஞ்சினாம், அச்சாம், கெபின் தகடாம். ஆணியில இருந்து எல்லாம் உள்ளுக்கு இருக்கும்.

அமிர்தலிங்கம்: நம்மட ஊருல ஒரு நட்டுக்கு நான் அக்கரைப்பத்து மட்டும் அலையிறன்.

கலந்தர்: கேளு. வாசலுக்குள்ள போனா ஒரு மேடையில பழைய லொறி ஒண்டு நிக்கும். அங்க முதன்முதலாப் பூட்டிச் செஞ்சது அதுதான். யெமன்காரன் ஒருத்தன், எங்கட போர்மன், அவன் சொல்லுவான்... அந்த நேரம் கொட்டிலுமில்ல, கூரையுமில்ல, வெறும் மணலாம். கூடாரம் அடிச்சு, பாரம் தூக்க செயின் பிளொக் கட்டி, நாலஞ்சு பேர் கையாலயே பூட்டினதாம். ஒரு மாசம் போச்சாம்.

அமிர்தலிங்கம்: நாலஞ்சு பேரா? நல்ல வசதிதான்.

கலந்தர்: என்ன?

அமிர்தலிங்கம்: ஒண்டுமில்ல. இப்ப எவ்வளவு நேரம் எடுக்கும்?

கலந்தர்: இப்ப நீ இந்தப் பிளேன்டியக் குடிச்சு முடிக்கிறதுக்குள்ள ஒண்டு வெளிய வரும். மறுகா இன்னொண்டு. மறுகா இன்னொண்டு. நிக்காது!

அமிர்தலிங்கம்: அம்மாடி... மனுசன் ஓடித் திரிஞ்சு பூட்டணுமே?

கலந்தர்: அங்கதான் விசயம். மனுசன் நிப்பான், லொறிதான் அவனிட்ட வரும். நிலத்துல சங்கிலி ஓடும், அதுல சட்டம் வரும். எஞ்சின் மேலால தொங்கிக்கிட்டு வரும். ரெண்டும் சந்திக்கிற இடத்துல எஞ்சின் மெல்லமா இறங்கும் பாரு... தொட்டில்ல புள்ளையப் போடுற மாதிரி.

அமிர்தலிங்கம்: பெயின்ட்?

கலந்தர்: கெபின முழுசா பெயின்ட் தொட்டியில முக்கி எடுப்பானுகள். நாவிதன்வெளி வாய்க்கால்ல எருமைய முக்குவமே, அப்படி. மறுகா ஒரு பெரிய அடுப்புக்குள்ளால போய் காஞ்சு வரும்.

அமிர்தலிங்கம்: அடுப்பா? லொறிக்கா?

கலந்தர்: இன்னும் கேளு. எல்லாம் முடிய மழைக் கொட்டிலுக்குள்ள ஓட்டுவானுகள். மேலயும் பக்கத்துலயும் தண்ணி சீறும். வருசத்துல ஒருக்காவும் மழையப் பாக்காத ஊரு, அங்க லொறிக்கு மட்டும் மழை! கதவுக்குள்ளால ஒரு சொட்டு உள்ளுக்கு வந்தாலும் கதவு பூட்டினவனக் கூப்பிட்டு ஏசுவானுகள். அந்த நேரம் சொட்டு விழுகுதா எண்டு எட்டி எட்டிப் பாப்பன்...

அமிர்தலிங்கம்: நீ ஏன் எட்டிப் பாக்குற?

கலந்தர்: நானில்ல. அவன்.

அமிர்தலிங்கம்: நீ அதுல என்ன செய்யிற?

கலந்தர்: நானா? எல்லாம்தான். எஞ்சின் இறக்குவன், கியர் பொக்ஸ் பூட்டுவன், வயரிங்...

அமிர்தலிங்கம்: எஞ்சின இறக்கினா முதல்ல எந்த நட்ட இறுக்குற? முன்னுக்கா, பின்னுக்கா?

கலந்தர்: அது... அங்க வேற மாதிரி. உனக்கு விளங்காது.

அமிர்தலிங்கம்: ஓம், எனக்கெங்க விளங்கும்.

கலந்தர்: கோவிக்காத மச்சான். இதக் கேளு. மத்தியானம் லுஹர் தொழுகைக்கு பாங்கு சொன்னா சங்கிலி நிக்கும். அவ்வளவு இரைச்சலும் ஒரேயடியா நிண்டுரும். எஞ்சின் பாதி இறங்கினபடி தொங்கும். கண்ணாடி இல்லாத லொறி, சில்லு இல்லாத லொறி, எல்லாம் அப்படி அப்படியே நிக்கும். அதுகளுக்கு நடுவுல நாங்க வரிசை வரிசையா சஃப் கட்டுவம். நூறு, ஆயிரம் பேர்... பல நாட்டு ஆக்கள். சுஜூதுல நெத்திய வச்சா நிலம் இன்னும் சூடா இருக்கும். அப்ப நினைப்பன், றப்பே, மனுசன்ட கைக்கு இவ்வளவு தந்திருக்கியே எண்டு... அழுதிருக்கன்டா.

அமிர்தலிங்கம்: ...எனக்கே மேலெல்லாம் சிலிர்க்குது.

கலந்தர்: பிலிப்பைன்ஸ்காரன் ஒருத்தன் தொழமாட்டான். அந்தப் பக்கம் இருந்து பாண் தின்பான். நான் தொழுதிட்டு வந்தா எனக்கும் ஒரு துண்டு எடுத்து வச்சிருப்பான்.

அமிர்தலிங்கம்: அந்தப் பக்கம் எண்டா?

கலந்தர்: கெபினுக்கு அங்கால. அவன் அங்க, நான் இஞ்ச. கதவு வழியாத்தான் அவன்ட முகம் தெரியும். மூணு வருசம் அந்த முகம்தான்.

அமிர்தலிங்கம்: மூணு வருசமும் ஒரே இடத்துலயா? எஞ்சின் இறக்கினாய், வயரிங் செஞ்சாய் எண்டாய்?

கலந்தர்: பிளேன்டி முடிஞ்சிட்டு. இன்னொண்டு ஊத்துவமா?

அமிர்தலிங்கம்: கலந்தர், என்னப் பாரு.

கலந்தர்: இடப்பக்கக் கதவு, மச்சான்.

அமிர்தலிங்கம்: என்ன?

கலந்தர்: கெபின் வரும். கதவத் தூக்கி பிணைச்சல்ல வச்சு, நட்ட இறுக்கி, ஒருக்காச் சாத்திப் பாப்பன். ‘டப்’ எண்டு ஒரு சத்தம் வரணும். வந்தா அடுத்த கெபின். மூணு வருசமும் அதுதான். எஞ்சினக் கையால தொட்டதில்ல. ஸ்டேரிங்கப் பிடிச்சதில்ல. வலப்பக்கக் கதவு கூட அந்தப் பிலிப்பைன்ஸ்காரன்ட வேலை, என்ட இல்ல.

அமிர்தலிங்கம்: அதுக்கென்ன? கதவில்லாத லொறிய ஆரு வாங்குவான்?

கலந்தர்: பகிடி பண்ணாத.

அமிர்தலிங்கம்: பகிடியில்ல. லீவு எப்ப முடியுது? உள்ளதச் சொல்லு.

கலந்தர்: ...லீவு இல்லடா. அக்ரிமெண்ட் முடிஞ்சிட்டு. அந்தக் கதவுக்கு வேற ஆள் வந்துட்டான். ஊருக்கெல்லாம் லீவு எண்டு சொல்லி வச்சிருக்கன். வீட்டுல பொண்டாட்டி ஹாஜறாவுக்கு மட்டும்தான் தெரியும். எனக்கு லொறி ஓட்டுறதத் தவிர வேற தொழில் என்ன தெரியும்? என்ட லொறி கிடந்தா எப்படியும் பாத்துப் பூட்டி, நெல்லு ஏத்திப் பிழைச்சிரலாம் எண்டுதான் இஞ்ச வந்தன். அதுவும் இரும்புக்காரனோட போயிட்டு...

அமிர்தலிங்கம்: எழும்பு.

கலந்தர்: ஏன்?

அமிர்தலிங்கம்: படங்குட அந்த முனையப் பிடி. மெல்ல இழு.

கலந்தர்: யா அல்லாஹ்... அமிர்தம், இது... இது என்ட...

அமிர்தலிங்கம்: நம்பரப் பாரு.

கலந்தர்: தென்னை விழுந்த லொறிடா! கெபின் சப்பளிஞ்சு கிடந்ததே! ஆரு ஆரு சேர்ந்து செஞ்ச?

அமிர்தலிங்கம்: இஞ்ச ஆரு இருக்கான்? நானும் செயின் பிளொக்கும்தான். எஞ்சின் உன்டதுதான். கெபின் அம்பாறையில ஒரு காட்டுக்குள்ள கிடந்த. மற்றதெல்லாம் அங்கயும் இஞ்சயும் அலைஞ்சு எடுத்த. உன்ட பெக்டரி மாதிரி பிளேன்டி குடிக்கிற நேரத்துல வராது மச்சான்.

கலந்தர்: விடு, ஒருக்காத் தொட்டுப் பாக்கன்... அங்க அவ்வளவு பேர் இருந்தும் ஒருத்தனுக்கும் ஒரு முழு லொறி தெரியாதுடா. நீ தனிய... றப்பே! ஓடுமா?

அமிர்தலிங்கம்: போன கிழமை நாவிதன்வெளிக்குப் போய்ட்டு வந்தன். பாட்டுப் பாடிக்கிட்டு ஓடுது.

கலந்தர்: பிறகேன் இரும்புக்காரன் எண்டு...

அமிர்தலிங்கம்: வந்தான் எண்டுதான் சொன்னன். குடுத்தன் எண்டு சொன்னனா? என்னிட்டயும் லீவு எண்டாய். நீ உள்ளதச் சொல்லாம படங்கத் தூக்குறதில்ல எண்டு இருந்தன்.

கலந்தர்: ...இந்தப் பக்கம் கதவில்லையே.

அமிர்தலிங்கம்: அது ஒண்டுதான் மிச்சம். சுவரோட சாத்திக் கிடக்கு பாரு. இந்தா, ஸ்பேனரப் பிடி.

கலந்தர்: இது இடப்பக்கம்... போன கிழமை கதவில்லாமயா நாவிதன்வெளிக்குப் போனாய்?

அமிர்தலிங்கம்: அப்ப கதவு இருந்த. நேத்து ஹாஜறா தங்கச்சி வந்து, உன்ட கதவு வேலையில இருந்து எல்லாத்தையும் சொல்லி அழுதிட்டுப் போனா. மறுகாதான் கழட்டினன்.